எந்த ஊர் மாதா?

“இது நம்ம மாதா மாதிரி இல்லையே, சார்!”

இந்த வாக்கியத்தைக் காதால் கேட்ட நாளிலிருந்து எனக்கு ஒரு சந்தேகம். ‘நம்ம மாதா’ என்று சொல்லுகிறார்களே, அந்த மாதா எந்த ஊர்க்காரி? அவள் முகம் இப்படித்தான் இருக்கும் என்று நமக்கு எழுதிக் கொடுத்தவன் யார்?

விஷயம் இதுதான். வேலப்பன்சாவடிப் பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பார்கள். மாடி மேல் மாடியாகக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. அவற்றைக் கட்ட வந்த குடும்பங்கள், சுவர் பூசாத கீழ்த்தளத்தில் ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அங்கேயே சமைத்து, அங்கேயே பிள்ளை பெற்று, கட்டடம் முடிந்த மறுநாள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் பார்க்கப் போய்விடுகின்றன. இந்த வட்டாரத்து இளைஞர் ஒருவர், முறையாகச் சித்திரம் பயின்றவர், ஒரு தேவாலயத்தார் கேட்டுக்கொண்டதன் பேரில் கிறிஸ்து பிறப்பைத் துணியில் பெரிதாக எழுதினார். எப்படி எழுதினார் தெரியுமா? மாட்டுக் கொட்டில் இல்லை. முடியாத கட்டடம் ஒன்றின் கீழ்த்தளம். சவுக்குக் கொம்புச் சாரம். சிமென்டுச் சாக்குகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள் மாதா. பழம் புடவை, அதற்கு மேல், நம் ஊர்க் கட்டட வேலைப் பெண்கள் எல்லாரும் போட்டுக்கொள்ளுகிறார்களே, அந்த மாதிரி ஓர் ஆண்பிள்ளைச் சட்டை. பக்கத்தில் தோளில் ரம்பத்தோடு சூசையப்பர். சாந்துச் சட்டியில் துணியை விரித்து அதில் குழந்தை. தார்ப்பாயின் வழியாக வரும் வெளிச்சம் எல்லார் மேலும் நீலமாக விழுகிறது.

நான் அந்தப் படத்தைப் பார்த்தேன். பார்த்துவிட்டு வெகு நேரம் பேச்சு வரவில்லை.

கமிட்டியாருக்குப் பேச்சு நிறைய வந்தது. “மாதாவுக்கு ஆம்பிளைச் சட்டையா?” என்றார் ஒருவர். “பாரம்பரியம்னு ஒண்ணு இருக்குல்ல?” என்றார் இன்னொருவர். படம் சுருட்டப்பட்டுத் திரும்பி வந்தது. அதற்குப் பதிலாக, பொன் கூந்தலும் நீலக் கண்ணுமாக ஒரு மாதாவைப் பெரிய அளவில் ஃபிளெக்ஸில் அடித்து மாட்டினார்கள். அந்தக் கோயிலின் பெயரைச் சொல்லப் போவதில்லை. இது அந்த ஒரு கோயிலின் வியாதி அல்ல.

பாரம்பரியம் என்றார்கள். சரி, பாரம்பரியத்தின் வயசைக் கொஞ்சம் பார்ப்போம்.

நம் வீடுகளிலும் கடைகளிலும் ஆட்டோக்களிலும் தொங்குகிற அந்தச் சாந்தமான யேசுவின் முகம், ஒரு பக்கமாகத் திரும்பி, தோளில் புரளும் பழுப்புக் கூந்தலும் பின்னால் மஞ்சள் ஒளியுமாக இருக்கிறதே, அதை எழுதியவர் அமெரிக்காவில் சிகாகோ நகரத்து வார்னர் ஸால்மன். விளம்பரப் படங்கள் போட்டுப் பிழைத்த மனிதர். 1924-ல் கரியால் ஒரு பத்திரிகைக்காக வரைந்தார். 1940-ல் அதையே வர்ணத்தில் எழுதினார். அச்சு யந்திரங்கள் அதைக் கோடி கோடியாக உலகமெங்கும் கொட்டின. கெத்செமனேத் தோட்டத்தில் பாறையின் மேல் கைகூப்பி ஜெபிக்கிற யேசு படம் இருக்கிறதே, அது ஜெர்மானியரான ஹைன்ரிக் ஹாஃப்மன் 1886-ல் எழுதியது. இவ்வளவுதான் பாரம்பரியம்! என் தாத்தாவின் தாத்தா இவற்றைப் பார்த்திருக்க முடியாது. ஸால்மன்மீதோ ஹாஃப்மன்மீதோ எனக்குக் கோபம் இல்லை. அவர்கள் தங்கள் அண்டை வீட்டுக்காரனின் முகத்தை எழுதினார்கள். எழுதட்டும். அவர்களுடைய அண்டை வீட்டுக்காரனை நாம் ஆண்டவனின் அசல் என்று எடுத்துக்கொண்டு, நம் அண்டை வீட்டுக்காரி போலி என்று சொல்லுகிறோமே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இந்த இடத்தில் ஃபிளாண்டர்ஸ் நாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். இன்றைக்குப் பெல்ஜியம் என்கிறோமே, அந்தப் பக்கம். மத விஷயமான சித்திரங்களுக்கு உலகம் இன்றும் அவர்களிடம்தான் போய் நிற்கிறது. அவர்கள் மாதாவை எப்படி எழுதினார்கள்? ராபர்ட் காம்பினும் அவருடைய பட்டறைக்காரர்களும் 1430-ஐ ஒட்டி எழுதியதாகச் சொல்லப்படும் ஒரு முப்பலகைச் சித்திரம் இப்போது நியூயார்க்கில் இருக்கிறது. தேவதூதன் மரியாளிடம் வருகிற காட்சி. மரியாள் எங்கே இருக்கிறாள்? நாசரேத்திலா? இல்லை, அந்த ஊர் நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கூடத்தில். குளிர் காயும் அடுப்பு, தொங்கும் பித்தளைச் செம்பு, கை துடைக்கும் துண்டு, ஒரு நீண்ட பெஞ்சு. பக்கத்துப் பலகையில் சூசையப்பர் தம் பட்டறையில் உட்கார்ந்து மரத்தில் துளை போட்டுக்கொண்டிருக்கிறார். ஜன்னல் பலகையில், விற்பனைக்கு வைத்தாற்போல் ஓர் எலிப்பொறி! சிலுவை என்பது சாத்தானுக்கு வைத்த எலிப்பொறி என்று அர்ச். அகஸ்தீன் பிரசங்கம் செய்ததை நினைத்து இதை வைத்தார்கள் என்று பண்டிதர்கள் விளக்கம் சொல்லுகிறார்கள். இருக்கட்டும். எனக்கு அந்த விளக்கத்தைவிட அந்த எலிப்பொறியே போதும். ஆண்டவனை வளர்த்த தகப்பன் எலிப்பொறி செய்து விற்றுக் குடும்பம் நடத்தினான் என்று எழுதினானே, அவனுக்குப் பக்தி குறைச்சல் என்று யார் சொல்லுவார்கள்?

பீட்டர் புரூகல் இன்னும் ஒரு படி மேலே போனார். 1566-ல் அவர் எழுதிய ‘பெத்லகேமில் குடிமதிப்பு’ என்ற சித்திரம் பிரஸ்ஸல்ஸில் இருக்கிறது. பெத்லகேம் முழுவதும் பனி மூடிக் கிடக்கிறது! குழந்தைகள் உறைந்த குளத்தில் சறுக்கி விளையாடுகிறார்கள். ஒரு பக்கம் பன்றி அறுக்கிறார்கள். சத்திரத்து வாசலில் பெயர் கொடுக்கவும் வரி கட்டவும் ஜனங்கள் முண்டியடிக்கிறார்கள். அந்தச் சத்திரத்துச் சுவரில் இருப்பது ரோமாபுரிச் சின்னம் அல்ல. புரூகலின் நாட்டை அன்று ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தாரின் இரட்டைத் தலைக் கழுகு. இந்தக் கூட்டத்தில் மாதா எங்கே என்று தேடத்தான் வேண்டும். முன்பக்கத்தில் கழுதைமேல் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், வெளியூரிலிருந்து வந்த எத்தனையோ ஏழைப் பெண்களில் ஒருத்தியாக. முன்னால் நடக்கிற சூசையப்பரின் தோளில் என்ன இருக்கிறது? ரம்பம்!

வேலப்பன்சாவடி இளைஞருடைய சூசையப்பரின் தோளில் ரம்பம் இருந்தது. அது பிரஸ்ஸல்ஸில் இருந்தால் கலை, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருந்தால் அவமரியாதை. இது என்ன நியாயம் என்று நான் கேட்கிறேன்.

“அவர்கள் தங்கள் நாட்டுக்கு எழுதிக்கொண்டார்கள், அயல்நாட்டுக்குப் போனபோது அசலைத்தானே கொண்டுபோனார்கள்?” என்று ஒருவர் கேட்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது. எட்மண்ட் வான் கெனெக்டன் என்று ஒரு ஃபிளெமிஷ் பாதிரியார். 1903-ல் பிறந்தவர், ஷேட் சபையைச் சேர்ந்தவர், தேர்ந்த சித்திரக்காரர். கலைச் சரித்திரப் புஸ்தகங்களில் பெயர் எளிதில் அகப்படாது. 1930-ல் சீனாவுக்குப் போனார். தம் முன்னோர்களான புரூகலையும் வான் ஐக்கையும் சீனர் தலையில் கட்டலாம் என்று அவர் நினைக்கவில்லை. சீனத் தூரிகையைப் பிடிக்கக் கற்றுக்கொண்டு, சீன முகத்தோடும் சீன உடையோடும் மாதாவை எழுதினார். பீக்கிங்கில் ஃபூ ஜென் கத்தோலிக்க சர்வகலாசாலையில் அந்தச் சமயம் இதே வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. சென் யுவாந்து என்ற சீனச் சித்திரக்காரர் 1932-ல் ஞானஸ்நானம் பெற்றபோது, மாதாவை முதன்முதல் எழுதியவர் என்று ஐதீகம் சொல்லும் லூக்காவின் பெயரையே வைத்துக்கொண்டார். போப்பாண்டவரின் பிரதிநிதியாக அங்கே இருந்த கோஸ்டான்டினி என்ற இத்தாலியரே இதையெல்லாம் தூண்டிவிட்டவர். வான் கெனெக்டன் யுத்த காலத்தில் ஜப்பானியரின் காவலில் இருந்தார்; 1946-ல் ஊர் திரும்பினார்; 1974-ல் இறந்தார். ஆக, அசல் ஃபிளெமிஷ்காரரே அயலூருக்குப் போனதும் அந்த ஊர்ச் சட்டையை மாதாவுக்குப் போட்டுவிட்டார். ஃபிளெமிஷ் மாதாவை விடமாட்டேன் என்று கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் நாம்தான்!

வான் கெனெக்டனுக்கு ஒரு வருஷம் மூத்தவர் ஆஞ்ஜெலோ தா ஃபொன்சேகா. இவர் நம் மனிதர். 1902-ல் கோவாவில் ஸாந்து எஸ்தெவாவ் என்ற தீவுக் கிராமத்தில் பிறந்தவர். வைத்தியப் படிப்பை விட்டுவிட்டுச் சித்திரத்துக்கு வந்தார். பம்பாய்க் கலைப் பள்ளியில் சொல்லிக்கொடுத்த சீமைப் பாணி பிடிக்காமல் வங்காளத்துக்குப் போய், அவனீந்திரநாத் தாகூரிடமும் நந்தலால் போஸிடமும் கற்றார். முப்பதாம் வருஷத்தை ஒட்டிக் கோவாவுக்குத் திரும்பி, நீர்வர்ணத்தில் மாதாவை எழுதினார். மாநிறம், புடவை, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, கீழே பார்த்த கண்களோடு குழந்தையை வைத்துக்கொண்டிருக்கிற கொங்கணிப் பெண். இன்றைக்குப் பார்க்கிறவர்களுக்கு, இதில் என்ன கலகம் இருக்கிறது என்று தோன்றும். அவ்வளவு அடக்கமான சித்திரங்கள்.

அன்றைக்குக் கோவாவில் பெரிய மனிதர்களுக்கும் குருமார்களில் பலருக்கும் அது பொறுக்கவில்லை. மாதாவை ஹிந்துப் பெண் ஆக்கிவிட்டான் என்றார்கள். இந்தக் கூச்சல் திடீரென்று முளைத்ததல்ல. கோவாவில் 1560 முதல் 1812 வரை, நடுவே சில வருஷங்கள் தவிர, மத விசாரணைக் கோர்ட்டு நடந்தது. 1736-ல் அது ஒரு கட்டளை போட்டது: கிறிஸ்தவ ஆண்கள் வேட்டி கட்டக்கூடாது, பெண்கள் நாட்டு ரவிக்கை அணியக்கூடாது. உடுப்பில் மதத்தைத் தைத்துவிட்ட தேசம் அது. அங்கே ஒருவன் மாதாவுக்கே புடவை கட்டினால் சும்மா விடுவார்களா?

ஃபொன்சேகா பூனாவுக்குப் போய்விட்டார். இப்போது நமக்கு அது இராத்திரி பஸ் தூரம். அப்போது கோவா போர்ச்சுகலுடையது, பூனா பிரிட்டிஷாருடையது; அது வேறு ராஜ்யத்துக்குப் போவது. தம் முகத்தை மாதாவுக்குக் கொடுத்த குற்றத்துக்காக ஒருவன் சொந்த ஊரிலிருந்து அயலுக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே அவருக்கு இடம் கொடுத்தது யார்? கிறிஸ்த பிரேம சேவா சங்கம் என்ற ஆசிரமம். ஜாக் வின்ஸ்லோ என்ற ஆங்கிலேயர் ஸ்தாபித்தது. ஆங்கிலிகன் சபையைச் சேர்ந்தது. கத்தோலிக்கச் சித்திரக்காரருக்கு ஆங்கிலிகன் ஆசிரமத்தில் அறை! பம்பாயில் அவரைத் தட்டிக்கொடுத்து ஆதரித்தவர் ஹெராஸ் பாதிரியார். அவர் ஸ்பெயின் தேசத்தவர். ஆங்கிலேயனுக்கும் ஸ்பானியனுக்கும் விளங்கிய விஷயம் நம்மவனுக்கு விளங்கவில்லை. இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நூற்றுக்கணக்கான சித்திரங்களை எழுதிவிட்டு 1967-ல் அவர் காலமானார். அதற்கு நாலு வருஷம் முன்னால், 1963 டிசம்பரில், இரண்டாம் வத்திக்கான் சங்கம், திருச்சபை எந்த ஒரு கலைப் பாணியையும் தனக்கே உரியதாக வைத்துக்கொண்டதில்லை என்றும், எல்லா ஜனங்களின், எல்லாப் பிரதேசங்களின் கலைக்கும் கோயிலில் இடம் உண்டு என்றும் தீர்மானமாகச் சொல்லிவிட்டது. முப்பது வருஷம் தாமதமாக வந்த தீர்ப்பு. அவர் மனைவி கட்டிக் காப்பாற்றிய சித்திரங்களில் பெரும் பகுதி இப்போது கோவாவிலேயே, யேசு சபையாரின் ஸேவியர் சரித்திர ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது. துரத்திய ஊரே வாங்கி வைத்துக்கொண்டது. நல்லதுதான். சித்திரக்காரன் இருந்த காலத்தில் இந்த நல்லது நடக்கக்கூடாது என்று ஏதாவது விதி இருக்கிறதா?

தமிழ்நாட்டில் இந்தக் கூத்தைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வருகிறது. கோவாவில் ரவிக்கையைத் தடை செய்த 1736-க்குச் சரியாகப் பத்து வருஷம் முன்னால், 1726-ல், இத்தாலியரான வீரமாமுனிவர் இங்கே ‘தேம்பாவணி’யை முடித்தார். சூசையப்பர் சரித்திரம். அதில் யூதேயா தேசத்தில் வயலும் வாய்க்காலும் தாமரைப் பொய்கையும் இருக்கின்றன. ஜெருசலேம் ஒரு தமிழ்க் காவியத்து நகரமாக நிற்கிறது. அதைப் பாடமாக வைத்திருக்கிறோம். மெரினாவில் அவருக்குச் சிலை வைத்திருக்கிறோம். வேதநாயக சாஸ்திரியார் பெத்லகேமுக்குக் குறவஞ்சியே பாடினார். சொல்லில் செய்தால் காவியம். வர்ணத்தில் செய்தால் மட்டும் தோஷமா? காதுக்கு ஒரு தமிழ் மாதா, கண்ணுக்கு ஒரு சிகாகோ மாதாவா? வேளாங்கண்ணியில் மாதாவின் சொரூபத்துக்குப் புடவைதான் சாத்துகிறார்கள். ஜனங்கள் கும்பிடுகிறார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஜனங்களுக்கு இதில் கஷ்டமே இல்லை. கஷ்டமெல்லாம் கமிட்டிகளுக்குத்தான்.

ஒரு கேள்விக்கு மட்டும் நான் நின்று பதில் சொல்ல வேண்டும். அதைக் கேட்டவர் கமிட்டிக்காரர் அல்ல. என் நண்பர், சேரியில் பிறந்து வளர்ந்த கிறிஸ்தவர். “புடவை, புடவை என்கிறீர்களே, எந்தப் புடவை? இந்தியக் கலை என்று சொல்லிக்கொண்டு பத்மாசனத்தில் யேசுவை உட்கார வைத்தார்கள், காவி கட்டினார்கள், மாதாவுக்குப் பட்டு கட்டிப் பூ வைத்தார்கள். அதில் என் அம்மா எங்கே?” என்றார்.

இது மிகவும் சரியான கேள்வி. 1606-ல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் பிராமண சந்நியாசியின் வேஷம் போட்டதிலிருந்து தொடங்குகிற வழக்கு இது. பூணூலும் சந்தனமும் இருக்கலாம் என்று 1623-ல் போப்பாண்டவர் அனுமதித்தார். ‘இந்தியத்தன்மை’ என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் மேலே இருக்கிற நாலு வீட்டைப் பார்த்துவிட்டு, இதுதான் இந்தியா என்று எழுதிவிடுகிறார்கள். கதை எழுதுகிறவர்களும் இதற்கு விலக்கல்ல. அக்கிரகாரத்துத் திண்ணையைத் தாண்டாத கதைகளைத் தமிழ் வாழ்க்கை என்று எத்தனை காலம் நாம் வாசித்தோம்! அதனால்தான் அந்த ஆண்பிள்ளைச் சட்டை என்னை அப்படி நிறுத்தி வைத்தது. மாதாவைப் பட்டாடையோடு கொலுவில் வைக்க அந்த இளைஞருக்குத் தெரியாமல் இல்லை. தலையில் செங்கல் சுமக்கிறவளின் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார். என் நண்பர் அந்தச் சித்திரத்தை வந்து பார்த்தார். “சட்டையில் மேல் பொத்தான் இல்லை, கவனித்தீர்களா? என் அம்மா அங்கே ஊக்கு குத்தியிருப்பாள்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சித்திரத்துக்கு இதைவிட நல்ல விமரிசனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை.

கடைசியாக ஒன்று. இதைப் பற்றி நான் ஒரு கூட்டத்தில் பேசியபோது ஒருவர் எழுந்து, “நீங்கள் கிறிஸ்தவர் இல்லையே, எங்கள் மாதா விஷயத்தில் உங்களுக்கென்ன வேலை?” என்று கேட்டார். சபையில் கொஞ்சம் கைதட்டலும் கேட்டது. வங்காளத்து ஜாமினி ராய் கிறிஸ்தவர் அல்ல. கிராமத்துப் பட்டுவா பாணியில் அவர் எழுதிய கிறிஸ்துவை, வேலை மெனக்கெட்டு எழுதினார் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் எனக்கு அவர் துணை கூடத் தேவையில்லை. நான் தமிழில் உரைநடையில் கதை எழுதிப் பிழைக்கிறவன். தமிழ் உரைநடையில் கதை சொல்லிச் சிரிக்க வைக்கலாம் என்று ‘பரமார்த்த குரு கதை’யில் காட்டியவர் பாதிரியாரான வீரமாமுனிவர். தமிழின் முதல் நாவல் என்று நாம் கொண்டாடும் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தை 1879-ல் அச்சிட்டவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளை, அவர் கத்தோலிக்கர். ஒரு ஹிந்து முதலியார் குடும்பத்தின் தாழ்வாரத்திலும் அடுக்களையிலும் கல்யாணப் பந்தலிலும் அவர் தம் வீட்டைப்போல் புழங்கினார். “முதலியார் வீட்டு விஷயத்தில் கத்தோலிக்கருக்கு என்ன வேலை?” என்று அவரைக் கேட்க நமக்கு நாக்கு எழுமா?